தலைமையாசிரியருக்கு மூன்று மதிப்பெண்

வகுப்பில் அவளுக்கு வைத்த பெயர் ‘தந்தி’. பேச்சும் சுருக்கம், எழுத்தும் சுருக்கம். “மக்களுக்கு ஓட்டு எதற்கு?” என்று தேர்வில் கேட்டிருந்தார்கள். தந்தி எழுதியது ஒரே வரி: ‘ஆள்கிறவரைச் சண்டை போடாமல் மாற்றுவதற்கு.’ பள்ளி புதிதாக வாங்கியிருந்த திருத்தும் மென்பொருள் அதற்குப் பத்துக்கு இரண்டு போட்டது. எல்லாப் பாடத்திலும் அதே கதி. திங்கட்கிழமை முதல் அவள், மெதுவாகப் படிப்பவர்களுக்கான ‘மெதுப் பிரிவு’ என்று வீட்டுக்குக் கடிதம் போய்விட்டது. அந்தப் பிரிவுக்குப் போனவர்கள் யாரும் அறிவியல் ஆய்வகத்தின் வாசலை மிதித்ததில்லை.

குடிமையியல் டீச்சருக்குப் பொறுக்கவில்லை. தன் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் அவள். ‘உனக்கு இவ்வளவு போதும்’ என்று அவளையும் ஒருகாலத்தில் ஓரங்கட்டப் பார்த்தவர்கள்தானே. நேரே தலைமையாசிரியர் அறைக்குப் போனாள்.

“சார், அந்தப் பதில்ல என்ன தப்பு?”

“மிஷின் போட்ட மார்க்மா. மனுஷன்னா ஓரவஞ்சனை பண்ணுவான். அதுக்கு யாரு மாமன், யாரு மச்சான்?”

“ஏன் ரெண்டுன்னு அது சொல்லுதா?”

“அது எதுக்குச் சொல்லணும்? நீங்க தற்காலிக வேலையில இருக்கீங்க. பாத்துப் பேசுங்க.”

வீட்டில் டீச்சரின் அம்மாவும் அதே பாட்டு. “வேலை நிரந்தரமாகட்டும்டி. அதுவரைக்கும் வாயை மூடிக்கிட்டு இரு.”

“வாயை மூடிக்கவா முதுகொடிய வேலை பாத்து என்னைப் படிக்க வெச்சே?”

அம்மா மகளின் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டாள்.

மறுநாள் டீச்சர் பாடப்புத்தகத்தை மூடி வைத்தாள். “இன்னைக்கு நாம மிஷினைத் திருத்தப்போறோம்.”

பிள்ளைகளுக்குக் கேட்கவா வேண்டும். மென்பொருளின் பயிற்சிப் பக்கத்தைத் திறந்து, ஒருத்தன் கேள்வியையே ஏழு தடவை எழுதிப் போட்டான். ஆறு மதிப்பெண். மெக்கானிக் மகள், துணி துவைக்கும் மிஷினின் கையேட்டை அப்படியே ஒட்டி, பத்திக்குப் பத்தி ‘ஜனநாயகம்’ என்று சேர்த்தாள். ஒன்பது. வகுப்பு சிரித்துப் புரண்டது. தந்தி மட்டும் சிரிக்காமல் பலகையில் கட்டம் போட்டாள்: வரி எத்தனை, மதிப்பெண் எத்தனை.

“நீளத்துக்குத்தான் மார்க்” என்றாள்.

பிறகு பெயரை மறைத்து நாற்பது விடைத்தாள்களை இரண்டிரண்டு பேராகத் திருத்தினார்கள். எந்த மதிப்பெண் போட்டாலும் ஏன் என்று ஒரு வரி எழுத வேண்டும். அதற்குள் நடந்த சண்டை இருக்கிறதே! தந்தியின் தாளுக்கு எட்டு கிடைத்தது. ‘சுருக்கம். ஆனால் சரி.’

சனிக்கிழமை பெற்றோர் கூட்டம். டீச்சர் ஐந்து நிமிடம் கேட்டு வாங்கி, தந்தியை எழுப்பிவிட்டாள்.

“சார், அதே கேள்விக்கு நீங்க எழுதுங்க.”

தலைமையாசிரியர் சிரித்துக்கொண்டே தட்டச்சு செய்தார். நறுக்கென்று நாலு வரி. சுவர்த்திரையில் விழுந்தது: மூன்று. அடுத்து துணி மிஷின் கையேடு: ஒன்பது. அவர் சிரிப்பு எங்கே போனதோ, அரங்கமே அதை எடுத்துக்கொண்டது.

தந்தியின் அம்மா எழுந்தாள். பஸ் கண்டக்டர், சீருடையோடு வந்திருந்தாள். “நான் கிழிச்சுக் குடுக்கிற டிக்கெட்ல எங்கேருந்து எங்கே, எவ்வளவுன்னு எல்லாம் இருக்கும் சார். என் பொண்ணு மார்க்குல அதுகூட இல்லையே.”

“கம்பெனிக்காரங்ககிட்ட சொல்லிச் சரிபண்ணிடலாம்” என்று அவர் பூசி மெழுகப் பார்த்தார்.

“கம்பெனி பண்றது இருக்கட்டும் சார்” என்றாள் டீச்சர். “காரணம் சொல்லாத மார்க் செல்லாது. கேட்டா ரெண்டு பேர் திரும்பத் திருத்தணும், அதுல ஒருத்தர் மாணவர். அதுவரைக்கும் யாரையும் பிரிவு மாத்தக்கூடாது. சம்மதமா இல்லையா, கை தூக்கச் சொல்லுங்க.”

“பசங்களுமா?”

“மார்க் அவங்களோடதுதானே?”

கைகள் எழுந்தன. எண்ண ஆரம்பித்த பள்ளி எழுத்தர் பாதியில் விட்டுவிட்டு, தன் கையையும் தூக்கினார்.

திங்கட்கிழமை மறுமதிப்பீட்டுப் பெட்டியில் விழுந்த முதல் விண்ணப்பம் தலைமையாசிரியருடையது. டீச்சரும் தந்தியும் திருத்தினார்கள். ஏழு. கீழே தந்தியின் கையெழுத்தில் காரணம்: ‘பதில் சரி. ஏன் என்று கேட்கும் உரிமை விட்டுப்போயிருக்கிறது.’

அவர் கண்ணாடியை மாட்டி இரண்டு தடவை படித்தார். பேனாவை எடுத்து, விட்டுப்போன வரியைச் சேர்த்துக்கொண்டு தந்தியைத் தேடி வந்தார்.

அவள் ஆய்வகத்தில் இருந்தாள்.