பதினெட்டாம் மலை

மத்தியாஸ் செத்துப்போனது பழனிச்சாமியின் விரதத்தில் முப்பத்தைந்தாம் நாள். எழுபத்து மூன்றாம் வருஷம், மார்கழி பிறந்த சமயம். காலையில் பெரட்டுக்களத்தில் வேலைக்குப் பேர் கூப்பிடும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த மனுஷர், பிறகு எழவே இல்லை. வண்டிப்பெரியார் பக்கத்து எஸ்டேட் லயத்தில் இருவர் வீட்டுக்கும் நடுவே ஒற்றைச் சுவர்தான். அதுவும் கூரைவரை எட்டாத சுவர்.

கழுத்தில் ஐயப்ப மாலையோடு பழனிச்சாமி உள்ளே உட்கார்ந்து, வெளியே சவப்பெட்டிக்கு ஆணி அடிக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். மலைக்குப் போகிறவருக்குச் சாவு வீடு ஆகாது. பங்காளி செத்தால் மாலையைக் கழற்றிவிட வேண்டும். அந்த வருஷம் மலை கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர், அதுவும் வேதக்காரர் செத்தால் கழற்றவும் வேண்டாம், எட்டிப் பார்க்கவும் வேண்டாம். எவ்வளவு வசதியான சட்டம் பாருங்கள்.

இது அவருக்குப் பதினெட்டாம் மலை. நடுவில் ஒரு வருஷம்கூட விட்டதில்லை. இதை முடித்துவிட்டால் அவரும் குருசாமி. நாலு பேருக்கு மாலை போட்டுவிடலாம். அந்த ஆசை இல்லையென்றால் அது பச்சைப் பொய்.

குருசாமி சங்கையா வந்து தைரியம் சொன்னார். இன்னும் ஆறே நாள், கதவைச் சாத்திக்கொண்டு சரணம் சொல்லுங்கள், துக்கம் விசாரிப்பதை மலையிலிருந்து வந்து வைத்துக்கொள்ளலாம் என்றார். பழனிச்சாமியும் தலையாட்டினார்.

சரணம் வரவில்லை. சுவருக்கும் கூரைக்கும் நடுவிலிருந்த சந்துக்கே கண் போயிற்று. பதினேழு வருஷமாக, கார்த்திகை பிறந்துவிட்டால் அந்த வழியாகக் கருவாட்டு வாசம் வந்ததில்லை. யாரும் கேட்கவில்லை, மத்தியாஸே நிறுத்திக்கொண்டார். கிறிஸ்துமஸுக்குக்கூட லயத்தில் கறி அடுப்பேறாது. பிள்ளைகளை நடத்திக்கொண்டு மூன்று மைல் தள்ளியிருந்த தங்கச்சி வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வருவார். வந்ததும் குழாயடியில் வாயைக் கொப்பளித்துவிட்டுத்தான் "சாமி" என்று கூப்பிடுவார்.

"குருசாமி, மாலையக் கழட்டிருங்க."

சங்கையாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன பேச்சு சாமி இது? அவரு ஒங்களுக்குப் பங்காளியா?"

"பதினேழு வருசமா எங்கூடச் சேந்து அவுகளும் வெரதம் இருந்திருக்காக. நாந்தான் கவனிக்காம இருந்துட்டேன்."

சங்கையா நிமிர்ந்து அந்தச் சந்தைப் பார்த்தார். பிறகு மாலையைக் கழற்றிச் சாமி படத்துக்குப் போட்டார்.

மத்தியாஸின் மனைவி சகாயம் காலையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. உபதேசியார் ஜெபம் சொன்னபோதும் சும்மா பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாசலில் பழனிச்சாமியைக் கண்டதும் அவள் பார்வை அவருடைய வெறுங்கழுத்தில் நின்றது.

"மாலை எங்கண்ணே?" என்றாள். முப்பத்தைந்து நாளாகச் சாமி என்று கூப்பிட்டவள். "அவுக இருந்தா கழட்ட விட்டிருப்பாகளா?"

அதற்கப்புறம்தான் அவள் வாய்விட்டு அழுதாள். பழனிச்சாமியும் அழுதார், பெட்டிக்குத் தோள் கொடுக்க ஆள் கூப்பிடும்வரை.