மலைக்கு முன் முந்நூறு படி

றெனோல்ட் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தபோது கஜீவனுக்கு முதலில் தோன்றியது, ஐயோ வேட்டை போச்சே என்பதுதான். பிறகு அதற்காக வெட்கப்பட்டான். ஆனாலும் முதலில் வந்த நினைப்பு அதுதான், மறைப்பானேன்.

ஆகஸ்ட் மாதத்துச் சனிக்கிழமைக் காலை. மொன்றியல் சூசையப்பர் பேராலயத்தின் படிகள் முந்நூறுக்குப் பக்கம் வரும். பக்தர்கள் நடுப்படிகளில் முழங்காலால் ஏறிச் செபிக்க, வேட்டைக் கூட்டாளிகளான இவர்கள் இருவரும் முதுகுப்பையில் ஆளுக்கு இருபது கிலோ அரிசியோடு ஓரத்தால் ஏறிக்கொண்டிருந்தார்கள். எல்லாம் ஒரு மானுக்காக. லேசுப்பட்ட மானல்ல, எல்க்; குதிரை உயரம், கிளை விட்ட கொம்பு. நாலு வருடம் விண்ணப்பித்து, கொலராடோ மலையில் வில்லால் வேட்டையாடும் அனுமதி இந்த முறைதான் குலுக்கலில் விழுந்திருந்தது. வழிகாட்டி யாரும் இல்லை. மானை விழுத்தினால், இறைச்சியை வெட்டி முதுகில் சுமந்து ஒன்பது கிலோமீற்றர் நடந்து தெருவுக்குக் கொண்டுவர வேண்டும். அந்தப் பாரத்துக்குப் பழகத்தான் அரிசி.

“ஒண்டுமில்லையடா, வாய்வு,” என்றார் றெனோல்ட். நெற்றி முழுக்க வியர்வை. “இரவு கடலைக்கறி சாப்பிட்டனான்.”

நம்மவர்களுக்கு நெஞ்சு நொந்தாலும் வாய்வு, தோள் நொந்தாலும் வாய்வு. இஞ்சி போட்ட தேத்தண்ணி குடித்து ஓர் ஏப்பம் விட்டால் வைத்தியம் முடிந்தது. கஜீவனும் அப்படி வளர்ந்தவன்தான். ஆனால் றெனோல்ட் இடக்கையை உதறி உதறி விட்டதை அவன் கண்டுவிட்டான்.

“அண்ணை, ஒருக்கா டாக்குத்தரிட்டைக் காட்டுவம்.”

“காட்டினா அவன் போகாதை எண்டுவான். இதுக்கோ நாலு வருசம் காத்திருந்தது? வீட்டில அஜிதாவுக்கு மூச்சு விடாதை.”

அன்றிலிருந்து கஜீவனுக்கு வேறு நினைப்பில்லை. வேலை செய்யும் புவாண்ட்-கிளேர் கிடங்கில் பெட்டி அடுக்கும்போதும் அந்த மலைதான் கண்ணுக்குள் நின்றது. பத்தாயிரம் அடி உயரம், மூச்சுக்கே காற்றுப் போதாத இடம். அங்கே றெனோல்ட் குப்புற விழுந்து கிடக்கிறார். செயற்கைக்கோள் கருவியில் உதவிப் பொத்தானை அழுத்தினாலும் ஆள் வந்து சேர எத்தனை மணித்தியாலம்? கரடிக்குப் பயந்து வாங்கிய மிளகுத் தெளிப்பானை அவன் பெட்டியிலிருந்து வெளியே எடுக்கவேயில்லை. கரடி இப்போது பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

சொன்னால் வேட்டையும் போகும், அண்ணையின் முகமும் திரும்பிவிடும். சொல்லாவிட்டால் அண்ணையே போய்விடலாம். இருதலைக் கொள்ளி எறும்பாக ஒரு கிழமையை ஓட்டினான்.

அடுத்த சனி மத்தியானம் பயணத் தாளோடு புரோசார்ட்டில் இருந்த றெனோல்ட் வீட்டுக்குப் போனான். எந்த வழியால் ஏறுவார்கள், எங்கே கூடாரம், எந்த நாளுக்குள் திரும்பாவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதெல்லாம் அதில் இருந்தது. அப்படியொன்றை வீட்டில் கொடுத்துவிட்டுத்தான் காட்டுக்குள் போக வேண்டும். றெனோல்டின் மனைவி அஜிதா மேசை முன் உட்கார்ந்து வரி வரியாக வாசித்தாள்.

“நோய் வருத்தம் ஏதும் இருந்தா எழுதட்டாம். இல்லை எண்டு போடுறன்,” என்று பேனாவை எடுத்தாள். “மலைக்குப் போக முன்னம் காட்டவெண்டு போன கிழமை நீங்களும் இவரும் டாக்குத்தரிட்டைப் போனனீங்கள்தானே? நெஞ்செல்லாம் சோதிச்சவையாம். நீங்கள் கூடப் போனபடியாத்தான் தம்பி நான் பயப்பிடேல்லை.”

கஜீவன் நிமிர்ந்தான். குசினி வாசலில் றெனோல்ட் நின்றார். ஓம் என்று சொல்லு என்பதுபோல மெல்லத் தலையை ஆட்டினார்.

ஒரு ‘ஓம்’ போதும். கஜீவன் றெனோல்டை விட்டு அஜிதாவின் பக்கம் திரும்பினான். வாழ்க்கையில் இப்படி அவன் பயந்ததில்லை.

“இல்லை அக்கா. நான் போகேல்லை. அண்ணையும் போகேல்லை. கோயில் படியில நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு இருந்திட்டார்.”

அண்ணை கத்தப்போகிறார் என்று காத்திருந்தான். றெனோல்ட் கத்தவில்லை. வந்து கதிரையில் இருந்தார்.

“என்ரை அப்பாவும் வாய்வு எண்டுதான் ஆஸ்பத்திரிக்கு நடந்து போனவர். பெட்டியிலதான் திரும்பி வந்தவர். அப்ப அவருக்கு நாப்பத்தேழு. எனக்கு வாற மாசம் நாப்பத்தேழு.” “மலைக்குப் போக எனக்குப் பயமில்லையடா. ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் பயமாக் கிடக்கு.”

அஜிதா பேனாவை வைத்தாள். “இப்ப நோகுதோ?”

றெனோல்ட் தலையாட்டினார்.

“காலமை தொடக்கம்.”

அவள் கார்ச் சாவியைத் தேடி ஓடினாள். கஜீவன் சப்பாத்துகளைக் கொண்டுவந்து அவர் காலடியில் குந்தினான். அவசரத்தில் நாடா இரண்டு தரம் நழுவிப்போனது.

“கெதியாக் கட்டடா,” என்றார் றெனோல்ட்.