ஸ்பீக்கர் மாற்றப் போனவர்கள்

ஜோதிலிங்கத்துக்கு அந்த வருஷம் வீட்டில் ஒரு சாமானும் சரியில்லை. குக்கர் விசில் அடிக்கவில்லை என்று வெயிட்டை மாற்றினார். வாசல் பெல் அடிப்பதில்லை என்று அதையும் மாற்றினார். தான் வெளியே போயிருந்தபோது அவர் பொறுப்பில் அடிப்பிடித்த குக்கரைத் தேய்த்துக்கொண்டே, "புது வெயிட்டும் இப்படித்தானா?" என்று மனைவி இந்திராணி முணுமுணுத்ததோடு சரி. இப்போது கிதார் ஆம்ப்ளிஃபயர் பெட்டியின் முறை. உள்ளே இருக்கும் இரண்டு ஸ்பீக்கரும் மங்கிவிட்டன, பொங்கல் கச்சேரிக்குள் வேறு போட்டே தீரவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார்.

பகலெல்லாம் மத்திய அரசு அலுவலகத்தில் கோப்பு தள்ளினாலும் மனுஷனுக்கு உயிர் கிதாரில்தான். கல்யாணத்துக்கு முன்பிருந்தே ட்ரம்ஸுக்கும் அந்தப் பெட்டிக்கும் நடுவில் நின்று மெல்லிசைக் குழுவில் வாசிக்கிறார். இந்திராணி ஏதாவது சொன்னால், "சவுண்டைப் பத்தி உனக்கென்ன தெரியும்?" என்று வாயை அடைத்துவிடுவார்.

லோதி ரோட்டிலிருந்து ஆட்டோவில் பெட்டியை ஏற்றி, ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு லஜ்பத் ராய் மார்க்கெட் போய்ச் சேர்ந்தார்கள். கடைக்கார சர்தார்ஜி பின்பலகையைக் கழற்றி, புது ஸ்பீக்கர்களை ஒவ்வொரு ஜோடியாக மாட்டிக் கொடுத்தார். ஜோதிலிங்கம் கையோடு கொண்டுவந்த கிதாரை மாட்டிக்கொண்டு வாசித்துப் பார்த்தார்.

"கம்பளி போத்துன மாதிரி இருக்கு. வேண்டாம்."

அடுத்த ஜோடி உப்புச் சப்பில்லையாம். மூன்றாவதில் அவர் கம்பியைத் தொட்டதும் இந்திராணிக்குப் பல் கூசியது. பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் காதைப் பொத்தினார். ஜோதிலிங்கத்தின் முகம் மட்டும் மலர்ந்தது.

"அச்சா! யஹி, பையா, யஹி! இதேதான்!"

சர்தார்ஜி தயங்கினார். பழைய ஸ்பீக்கர்களை விரலால் மெல்ல அழுத்திப் பார்த்து, மறுபடி அவற்றையே மாட்டி வாசிக்கச் சொன்னார். கணீரென்றுதான் கேட்டது, காதைக் கொஞ்சம் கிழிக்கவும் செய்தது. இதில் எதுவும் கெடவில்லையே என்றார் இந்தியில்.

இந்திராணிக்குக் குக்கர் ஞாபகம் வந்தது. பெல் ஞாபகம் வந்தது. பாவி மனுஷன், தன் காது மங்குவது தெரியாமல் வீட்டுச் சாமானையெல்லாம் திட்டிக்கொண்டிருந்திருக்கிறார்! சொன்னால் கிதாரைத் தூக்கிப் பரணில் போட்டுவிடுவார். சொல்லாவிட்டால் பொங்கலன்று ஊர் முன்னால் அவமானப்படுவார்.

"என்னங்க," என்றாள். "ஸ்பீக்கர் நல்லாத்தான் இருக்கு. குக்கரும் நல்லாத்தான் இருந்துச்சு."

கோபமாக வாயெடுத்தவர் டீ குடித்தவரைப் பார்த்தார். சர்தார்ஜியைப் பார்த்தார். அவர் குனிந்து திருகாணி பொறுக்கிக்கொண்டிருந்தார். ஜோதிலிங்கம் கிதாரைத் தோளிலிருந்து கழற்றினார்.

"அப்போ இதோட விட்டுற வேண்டியதுதான், இந்திரா."

"யாரு விடச் சொன்னா?" என்று அவள் போட்ட சத்தத்தில் கடைவீதியே திரும்பியது. பெட்டிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். "இதுல கிறீச்சுன்னு கத்தவைக்கிற குமிழ் எது?"

அவர் காட்டினார். அது கடைசிவரை திருகியிருந்தது.

"இத நான் பாத்துக்கறேன். நீங்க வாசிங்க. ம், ஜல்தி!"

அவர் வாசித்தார். அவள் குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தாள். அவருக்கு அது கம்பளிக்குள்ளிருந்துதான் கேட்டிருக்கும். ஆனாலும் நிறுத்தவில்லை, அவள் முகத்தையே பார்த்தபடி வாசித்தார். டீ குடித்தவர் தொடையில் தாளம் போட ஆரம்பித்தார்.

வாசித்து முடித்ததும், "எப்படி இருக்கு, இந்திரா?" என்று கேட்டார்.

இத்தனை வருஷத்தில் அவர் அவளிடம் கேட்டதே இல்லை.

"நல்லா இருக்குங்க," என்றாள், அவருக்குக் கேட்கும்படி உரக்க.