விலை சொல்லாத மாளிகை

பகல் முழுதும் உருக்கிய செம்பை வாரி இறைத்த கதிரவன், சரக்கு விற்றுத் தீர்ந்த வணிகன் கடைத் தட்டிகளைச் சாத்துவது போலத் தன் கதிர்களை ஒவ்வொன்றாய்ச் சுருட்டிக்கொண்டு மேற்கே சாயும் வேளையில், துபாய் மாநகரின் நெஞ்சுக்குள் புகுந்து வளைந்து கிடக்கும் உப்பங்கழியானது, இரு கரைகளும் ஏற்றிய விளக்குகளை வாங்கி, வாங்கியதைவிட இருமடங்காய்த் திருப்பித் தரும் நேர்மையால் அந்நகரத்து வணிகர் எவரையும் நாணச் செய்யும். குளிர்பெட்டிகளையும் அரிசி மூட்டைகளையும் அண்ணாந்து பார்க்கும் உயரத்துக்கு அடுக்கிய மரக்கலங்கள் வயிறு நிறைந்த எருமைகள் போல அசைந்தபடி கரையோரம் துயில, அவற்றினிடையே ஆள் ஏற்றிய சிறு படகுகள் நீர்ப்பூச்சிகள் போலக் குறுக்கும் நெடுக்கும் ஓட, தேராவின் நறுமணத் தெருவிலிருந்து ஏலமும் குங்குமப்பூவும் உலர்ந்த எலுமிச்சையும் கலந்த காற்று, தொழுகைக்கு அழைக்கும் குரலோடு கைகோத்து வந்து வழிப்போக்கனின் சட்டையைப் பற்றி இழுக்கும். படிப்போரே, அத்தெருவுக்கென்று ஓர் இலக்கணம் உண்டு. ‘இதுவே இறுதி விலை’ என்பது அங்கே பேச்சின் தொடக்கம். ‘விற்பதற்கில்லை’ என்பது விலையை உயர்த்தும் ஏணி. வாங்காமல் திரும்பி நடப்பவனின் முதுகோ, அவன் முகத்தைவிட நன்றாகப் பேரம் பேசும்.

அவ்விலக்கணத்தைத் தாய்ப்பாலோடு பருகியவர் கோபாலசாமி. சாத்தூர்ச் சந்தையில் மிளகாய் வற்றல் விற்ற பூவாயியின் மூத்த மகன். வளைகுடாவுக்கு வந்து நறுமண நெய் விற்றார். அது காற்றோடு போயிற்று. கைப்பேசி உறைகள் விற்றார். உறைகள் வந்து சேருமுன் கைப்பேசிகள் வடிவம் மாறின. இறுதியில், பாலையில் வாழ்வோருக்குப் பனிமூட்டம் விற்பதென்று துணிந்து, தேராவின் ஒரு மாடியில் சீனச் சுற்றுலா நிலையம் ஒன்றைத் தொடங்கினார். துணிவு பொய்க்கவில்லை, இல்லாத பொருளுக்குத்தானே ஏக்கம் மிகுதி! மேகத்தை இடையில் உடுத்து நிற்கும் மஞ்சள்மலையின் ஊசியிலை மரங்களும், லீ ஆற்றங்கரையில் கன்றுகளின் கொம்புகள் போல முளைத்த பசுங்குன்றுகளும், வானத்துக்கு ஏறும் படிகளாய் நீர் தேங்கிய நெல்வயல்களும், நிறைமதி நாளின் விளக்குகளும், அரவத் தலை கொண்ட படகுகளின் போட்டியும் அவர் சுவர்களை நிறைக்க, சவூதியின் அல் கோபாரிலிருந்து வந்த எண்ணெய்ப் பணியாளரும் குவைத்தின் அப்பாசியாவிலிருந்து வந்த குடும்பத்தினரும் அவற்றின் முன் நின்று, தண்ணீர்ப் பந்தலைக் கண்டவர் போல் நெடுமூச்செறிந்தனர்.

அக்குன்றுகளின் நாட்டிலிருந்து, பெரிய சுற்றுலா நிறுவனம் ஒன்றின் தலைவர் தாங் என்பார் அவ்வாரம் வருவதாயிருந்தார். அவர் கையொப்பம் இட்டால், வளைகுடா முழுமைக்கும் கோபாலசாமியே தனி முகவர். இடாவிடில் நிலையத்தை மூடி, இருந்த மூட்டைகளைக் கட்டி, சாத்தூர் திரும்புவதைத் தவிர வேறு வழி இல்லை என்பதை அவரும் அறிவார். அவர் மனைவி உமாராணி அவரைவிட நன்றாய் அறிவாள்.

சீனர்தம் தூயொளித் திருநாள் நெருங்கிக்கொண்டிருந்தது. இளவேனிலில் மக்கள் பசும்புல் மிதித்து உலாப் போவர், பட்டம் விடுவர், தழைச்சாறு கலந்த பச்சைக் கொழுக்கட்டை உண்பர் என்றெல்லாம் கோபாலசாமி தம் விளம்பரத் தாளில் அதனைப் பற்றி எழுதியிருந்தார். எழுதியவை யாவும் உண்மையே. எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. அவர் அதனை அறியார்.

விருந்தினரை அவர்தம் நாட்டுப் பொருளாலேயே வரவேற்க எண்ணி, பாலையின் விளிம்பில் நீண்ட அரவம் போல் படுத்திருக்கும் சீனப் பேரங்காடிக்கு அவர் சென்றார். சந்து ஒன்றின் கோடியில், யூலான் என்னும் நரைதொடங்கிய பெண்ணின் சிறு கடை. அதன் உள்ளறையில், தாளாலும் மூங்கிற் சிம்புகளாலும் சமைத்த மாளிகை ஒன்றைக் கண்டு அவர் கண்கள் நிலைகுத்தி நின்றன. செவ்வோடு வேய்ந்த இரட்டை மாடி, உள்ளே தாளாலான மெத்தை, தாளாலான குளிர்பெட்டி, வாயிலில் மகிழுந்து, அதன் அருகே கைகட்டி நிற்கும் ஏவலன் ஏவற்பெண் பொம்மைகள்; கதவின் மேலே பெயரெழுத ஒரு வெற்றுப் பலகை. குழந்தைகள் கண்டால் உண்ண மறப்பர்.

“மேடம், இது லாஸ்ட் பிரைஸ் என்ன?”

“நோ, பாய்,” என்றாள் யூலான். வளைகுடாவின் கலவை மொழியே அவளுக்கும் அவருக்கும் பொது. “யூ ஃபார் நோ. ஹாப்பி டே இது மாஃபி.”

மகிழ்நாளுக்கு ஆகாது என்று அவள் கூறியது கோபாலசாமியின் செவியில் தெளிவாகவே விழுந்தது. ஆயினும், வாங்க வந்தவனிடம் ‘உனக்கு ஆகாது’ என்பவள் எத்துணை தேர்ந்த விற்பனைக்காரி என்று வியந்தவராய் அவர் முறுவலித்தார். திரும்பி நடந்தார், அவள் அழைக்கவில்லை. சந்தின் முனை வரை சென்று செருப்பைச் சரிசெய்வார் போல் குனிந்து நோக்கினார். அவளோ தேநீர் பருகிக்கொண்டிருந்தாள். தோற்ற முதுகோடு அவர் திரும்பி வந்தார்.

“என்ன மேடம், கஸ்டமரை இப்படி விடுறீங்க? இது எதுக்கு, யாருக்கு? அதாவது சொல்லுங்க.”

“மதர் ஃபார். ஃபாதர் ஃபார்.” அவள் குவளையைக் கீழே வைத்து அவரை நேராய் நோக்கினாள். “யூ மதர்?”

கோபாலசாமியின் உள்ளம் துள்ளிற்று. விலை இறங்காத கடைகளிலெல்லாம் அவர் இறுதியில் வீசும் படைக்கலம் ஒன்றுண்டு. அதனை எடுக்க அவளே உறையைத் திறந்துவிட்டாளே! முகத்தைத் தாழ்த்தி, குரலைத் தழுதழுக்கவிட்டார்.

“மதர் மவுத், மேடம். கொரோனா டைம். பிளைட் மாஃபி. தம்பிதான் கொள்ளி வெச்சான். நான் போன்ல பாத்தேன். கலாஸ்.”

அத்தனையும் உண்மை. கடைதோறும் சொல்லிச் சொல்லி, பல கை மாறிய நாணயம் போல முகம் தேய்ந்துபோன உண்மை.

யூலான் தேநீர்க் குவளையை அப்பால் தள்ளிவைத்தாள். பின்னர் எழுந்து, மாளிகையைத் தன் கைகளாலேயே மென்துகிலில் பொதிந்தாள். பொன்தாளும் வெள்ளித்தாளும் மடித்த சிறு தோணி வடிவக் கட்டிகளைப் பை நிறையச் சொரிந்தாள். அவர் பணப்பையை எடுத்தபோது அதன்மேல் கைவைத்துத் தடுத்தாள்.

“பைசா நோ. மதர் ஃபார்,” என்று கூறித் தலைதாழ்த்தி வணங்கினாள்.

தம் வாழ்நாளின் பேரங்களுள் இதுவே முடிசூடியது என்னும் செருக்கோடு இல்லம் புகுந்தார் கோபாலசாமி.

“சும்மா குடுத்தாளா?” என்றாள் உமாராணி, மாளிகையைச் சுற்றி வந்து. “எந்தக் கடைக்காரி சும்மா குடுப்பா? ஓட்டை ஒடசல் இருக்கான்னு பாத்தீங்களா? ஆமா, என்ன சொல்லி வாங்கினீங்க... அத்தை கதையா?”

“அதேதான்.”

“இன்னும் எத்தனை கடையிலதாங்க அத்தைய வெச்சுத் தள்ளுபடி வாங்குவீங்க?”

“உசுரோட இருந்தப்பவும் அம்மா எனக்காகத்தானே பேரம் பேசுச்சு. இப்பவும் பேசுது. விடு.”

அவள் விட்டாள். ஆயினும், பூவாயி ஒருமுறை தொலைபேசியில், “எல்லாருக்கும் வீடு விக்கிற ஊர்ல இருக்க, எனக்குச் சொந்தமா ஓட்டு வீடு ஒன்னு கட்டுடா” என்று கேட்டதும், “அடுத்த வருசம்மா” என்று இவர் சொன்னதும், அவ்வடுத்த ஆண்டில் வானூர்திகள் நின்றதும் அவள் நினைவுக்கு வந்தன.

வரவேற்பு நாளின் மாலையில் நிலையம் மணமகள் போல் பொலிந்தது. வாயிலுக்கு உமாராணி வெண்சாமந்தியைச் சரம் சரமாய்த் தொங்கவிட்டாள். பொன் வெள்ளிக் கட்டிகள் தோரணமாயின. நடு மேசையில் மாளிகை. தாங் முன்னரே அனுப்பியிருந்த பெயரட்டையைப் பார்த்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, சீன எழுத்துகளில் அவர் பெயரைக் கதவின் மேற்பலகையில் கோபாலசாமி தம் கையாலேயே வரைந்து வைத்தார். விருந்தின் முடிவில் மாளிகையை அவருக்கே பரிசளிப்பது திட்டம். கீழ்த்தளத்து மளிகைக்காரர் முகம்மது ஆசிக் அதனைக் குனிந்து குனிந்து பார்த்துப் படம் பிடித்தார்.

“அண்ணே, இந்த வீட்டை எனக்கு வாடகைக்கு விடுங்கண்ணே. என் ரூமைவிடப் பெருசா இருக்கு. வேலைக்காரன் வேற சும்மா நிக்கிறான்.”

“நாளைக்கே குடிவந்துரு. அட்வான்ஸ் வேண்டாம்!” என்றார் கோபாலசாமி. அறை முழுதும் சிரித்தது.

அச்சிரிப்பு ஓயுமுன் தாங் உள்ளே நுழைந்தார். அவர் பின்னே துணைவர் இருவர். வாயிலின் வெண்பூக்களைக் கண்டு அவர் நடை தளர்ந்தது. தோரணத்தைக் கண்டு நின்றது. மாளிகையையும், அதன் கதவில் தம் பெயரையும் கண்டபோது, ஓடும் ஆற்றின்மேல் ஒரே இரவில் பனி உறைந்தாற்போல அவர் முகத்தில் அசைவென்பதே அற்றுப்போயிற்று. துணைவருள் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள்.

“என் பெயரை அங்கே எழுதியவர் யார்?” என்று ஆங்கிலத்தில் வினவினார் தாங்.

“நான்தான் சார்!” கோபாலசாமி தமக்கு வந்த ஆங்கிலத்தில் மலர்ந்தார். “உங்க கார்டைப் பாத்து என் கையால எழுதினேன். வீடு உங்களுக்குத்தான். கிஃப்ட்டு!”

தாங் மாளிகையைச் சுட்டிக் காட்டினார். “ஐயா, வெண்பூ முதல் யாவும் இறந்தோர்க்கு உரியவை. தூயொளித் திருநாளில் நாங்கள் கல்லறைகளைத் தூய்மை செய்வோம். மறைந்த பெற்றோர் மறுவுலகில் வசதியாய் வாழ இவ்வீட்டையும் இப்பொன்னையும் தீயிலிட்டு அனுப்புவோம். கதவில் எழுதுவது, இறந்தவரின் பெயர்.”

படிப்போரே, விருந்துக்கு அழைத்த இல்லத்தின் கூடத்தில் பூச்சூடிய பாடை ஒன்று கிடக்க, அதன்மேல் உங்கள் பெயர் எழுதியிருக்கக் கண்டால் உங்கள் நெஞ்சம் என்னாகுமோ, அதுவே ஆயிற்று அவர் நெஞ்சம். சிரித்த வாய்கள் மூட மறந்தன. “யா அல்லாஹ், நான் வாடகைக்குக் கேட்டேனே!” என்று ஆசிக் சுவரோடு ஒட்டிக்கொண்டார். உமாராணி தான் தொடுத்த சாமந்திச் சரத்தைத் தானே அறுத்தாள்.

தாங் நல்லவர். அதிர்ச்சியின் நடுவிலும் அறிவு கலங்காதவர். “நீங்கள் அறியாமல் செய்தீர்கள் என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் அறிந்த ஒருவர் இதனை உங்களுக்கு விற்றிருக்கிறார். வெளிநாட்டார் ஒருவரை ஏளனம் செய்ய எண்ணிய அவர் யாரென்று கூறுங்கள். இங்குள்ள எங்கள் வணிகர் சங்கம் அவரைக் கவனித்துக்கொள்ளும். நாம் நாளை வேறிடத்தில் அமர்ந்து கையொப்பம் இடுவோம்.”

ஒப்பந்தத்தின் கதவு இன்னும் திறந்தே இருந்தது. நுழைவதற்குத் தேவை ஒரு பெயர் மட்டுமே.

“சொல்லுங்களேன்,” என்று உமாராணி முழங்கையால் இடித்தாள். “யாரோ ஒரு சீனாக்காரிக்காக ஊருக்குப் பெட்டி கட்டணுமா?”

கோபாலசாமியின் செவியிலோ அவள் குரல் விழவில்லை. ‘மதர் ஃபார், மதர் ஃபார்’ என்னும் வேறொரு குரலே விழுந்தது. தலைதாழ்த்திய அவ்வணக்கம் தமக்குச் செய்ததன்று என்பது, மாடிப்படியில் கால் தவறியவனுக்குத் தரை புலப்படுவது போல, அப்போதுதான் அவருக்குப் புலப்பட்டது. உலகெலாம் கேட்டுக் கேட்டுச் செவிமடுக்காத ஒரு சாவினை, மெய்யென்றே கொண்டு அவள் ஒருத்தி துக்கம் விசாரித்திருக்கிறாள். அந்தத் துக்கத்தை அவர் தள்ளுபடி என்று எண்ணிச் சுமந்து வந்திருக்கிறார்.

“அந்தம்மா விக்கல சார்,” என்றார். குரல் தழுதழுத்தது, இம்முறை அதனை அவர் வேண்டுமென்றே தழுதழுக்கவிடவில்லை. “வேண்டாம், நல்ல நாளுக்கு ஆகாதுன்னு சொல்லுச்சு. நான்தான் விலை ஏத்துதுன்னு நெனச்சேன். செத்துப்போன எங்கம்மா பேரைச் சொல்லி வாங்கிட்டு வந்தேன். அந்தம்மா எங்கம்மாவுக்குக் குடுத்துச்சு. நான் உங்களுக்குக் குடுத்துட்டேன். தப்பு என்னோடது.”

தாங் மாளிகையின் கதவை அணுகி, தம் பெயர் எழுதிய பலகைத் தாளைத் தாமே கிழித்து மடித்துச் சட்டைப்பையில் இட்டுக்கொண்டார். “இது உங்கள் தாயாரின் வீடு. அவரிடம் சேர்த்துவிடுங்கள்,” என்றார். கை குலுக்கவில்லை, ஆனால் படியிறங்குமுன் மாளிகையை நோக்கித் தலைதாழ்த்தினார். கையொப்பம் வேறொருவர் கைக்குப் போயிற்று என்பதை இங்கேயே கூறிவிடுதல் முறை.

தூயொளித் திருநாளின் விடியலில், மக்கள் கறி சுட்டு உண்ணும் மணல்மேடு ஒன்றின் சரிவில், ஆசிக்கின் கரியடுப்பு வைக்கப்பட்டிருந்தது. கோபாலசாமி வந்து நடந்ததெல்லாம் கூறக் கேட்டு முதலில் திகைத்துப் பின் வாய்விட்டு நகைத்த யூலான், தானும் சிறு வீடொன்றைச் சுமந்து வந்திருந்தாள்.

“மீ ஆல்ஸோ,” என்றாள் அதனைக் காட்டி. “ஃபாதர். சேம் டைம். பிளைட் மாஃபி.”

அவள் ஏன் விலை கேட்கவில்லை என்பதற்கு அதனினும் விளக்கம் வேண்டுமோ! தூரிகையை அவள் நீட்ட, கோபாலசாமி வெற்றுக் கதவின் மேல் ‘பூவாயி’ என்று தமிழில் எழுதினார். சீனர்தம் மறுவுலகத்து அஞ்சல் தமிழெழுத்தைப் படிக்குமோ என்று உமாராணி ஐயுற்றாள். “படிக்கும், படிக்கும்” என்பது போல் யூலான் தலையசைத்தாள். “அத்தை, ஓட்டு வீடுதான், பாத்துக்குங்க,” என்று சொல்லி உமாராணி வண்டிப் பொம்மையைச் சற்று நேராக்கி வைத்தாள்.

தன் தாய்க்குக் கொள்ளி வைக்காத அந்தக் கை, தீக்குச்சியை உரசியது, மூட்டியது. செவ்வோட்டில் பற்றிய தீ மாடிகளில் இறங்கி, மெத்தையையும் குளிர்பெட்டியையும் ஏவலரையும் ஒவ்வொருவராய் அழைத்துக்கொண்டு, பெயரெழுதிய கதவை மட்டும் இறுதிவரை தின்னாமல் வைத்திருந்து, பின் அதனையும் மெல்ல எடுத்துக்கொண்டது. சாம்பல் எழுந்து, மேகம் உடுத்த எந்த மலையையும் காணாத அப்பாலை வானில், சற்றே பனிமூட்டம் போல் நின்று கலைந்தது. காண்பது எதற்கும் விலை கேட்டே பழகிய ஒருவர், அதனை அண்ணாந்து நோக்கியபடி, கேட்பதற்கு ஒரு சொல்லும் இன்றி நின்றார்.