புத்தகத்துக்கு வேறு தீ

தம்பி ஹர்தேவ் அந்த ஜபப் புத்தகத்தை அம்மாவின் கைகளுக்குள் சொருகியபோது, சீத்தல் கௌர் அம்மாவின் உடலைத் தயிர் தேய்த்துக் குளிப்பாட்டி முடித்து, ஈரத் தலையைச் சீவிக் கொண்டை போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு கையில் முடி, ஒரு கையில் சீப்பு. அவள் நிமிர்வதற்குள் அவன் வெள்ளைப் போர்வையை இழுத்து மூடிவிட்டான்.

"பீஜி கேட்டது" என்றான். இத்தாலியிலிருந்து இரண்டு விமானம் மாறி, தில்லியிலிருந்து டாக்சியில் வந்து இறங்கி இன்னும் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை அவன்.

அம்மாவை இருவரும் பீஜி என்றுதான் கூப்பிடுவார்கள். பீஜி கேட்டது உண்மைதான். முந்தாநாள் போனில் மகனின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகளுக்கும் கேட்கும்படி, இது என்கூடவே போகட்டும் என்று புத்தகத்தை நெஞ்சில் அழுத்திக் காட்டினாள். ஹர்தேவ் அங்கே அழுதுகொண்டு சரி சரி என்றான். சீத்தல் வாயைத் திறக்கவில்லை. சாகக் கிடப்பவளிடம் மாட்டேன் என்று சொல்ல யாருக்கு நாக்கு வரும்? மகள் பேசாமல் இருந்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டுதான் பீஜி கண்ணை மூடியிருப்பாள். அந்த நினைப்பு இரண்டு நாளாகச் சீத்தலை அரித்துக்கொண்டிருந்தது.

நாற்பத்தாறு வருஷம் காலையும் மாலையும் பீஜி ஓதிய புத்தகம் அது. அட்டை எப்போதோ போய்விட்டது. தாள்கள் மஞ்சளாகி, ஓரங்கள் தொட்டால் உதிர்ந்தன. இப்படிப் பழசாகிப்போன புத்தகங்களை வீடு வீடாகப் போய் வாங்கி வருவதுதான் சீத்தலின் சேவை. பதினைந்து வருஷமாகச் செய்கிறாள். வாங்கியதைத் துவைத்த துணியில் சுற்றித் தலையில் வைத்து குருத்வாராவின் பக்கத்து அறைக்குக் கொண்டுபோவாள். வருஷத்துக்கு ஒரு முறை வண்டி வந்து எல்லாவற்றையும் கோயிந்த்வால் என்ற ஊருக்கு எடுத்துப் போகும். அங்கே வெள்ளை விரிப்பில் கிடத்தி, வேண்டுதல் சொல்லி, அதற்கென்றே இருக்கும் தீயில் சேர்த்து, சாம்பலை பியாஸ் ஆற்றில் விடுவார்கள்.

பீஜியிடமும் கேட்டுப் பார்த்திருக்கிறாள், புதுசு வாங்கித் தருகிறேன், இதைக் கொடுத்துவிடு என்று. "நானும்தான் கிழிஞ்சு கெடக்கேன். என்னையும் அந்த வண்டியில ஏத்திவிட்டுடேன்" என்று பீஜி பொக்கை வாயால் சிரிப்பாள். அவளிடம் யார் பேசி ஜெயிப்பது!

இப்போது சீத்தல் கொண்டையை முடித்துவிட்டு எழுந்தாள். பாய்ஜியைக் கூப்பிட்டாள். குருத்வாராவில் ஓதும் பெரியவர் அவர். மனிதப் பிணத்தோடு குருவின் வாக்கை எரிப்பது வழக்கமில்லைதான் என்றார். பெற்றவளின் கடைசி ஆசை என்றும் ஒன்று இருக்கிறதே என்றார். பொழுது சாய்வதற்குள் குடும்பத்தார் பேசி ஒரு முடிவுக்கு வாருங்கள் என்று தாடியைத் தடவிக்கொண்டு நகர்ந்துவிட்டார். நல்ல மனிதர், ஆனால் இப்படிப்பட்ட நேரத்தில் விலாங்கு மீன்தான்.

முற்றத்துச் சுவரோரம் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் பச்சன் கௌர். சீத்தலின் பார்வை அங்கேதான் போய் நின்றது.

போன வருஷம் பச்சன் கௌரின் ஒரே மகன் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து செத்தான். இருபத்திரண்டு வயது. அவன் பரீட்சைக்குப் போகும்போது சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் சின்ன ஜபப் புத்தகத்தை அவள் அவன் நெஞ்சில் வைத்திருந்தாள். சீத்தல்தான் போய் எடுத்தாள். ஊரே பார்க்க, மனிதனுக்கு ஒரு தீ, புத்தகத்துக்கு வேறு தீ என்று எடுத்துச் சொன்னாள். அதன் பிறகு பச்சன் கௌர் சீத்தலின் வாசலை மிதிக்கவில்லை. இன்றுதான் வந்திருக்கிறாள்.

ஹர்தேவ் அக்காவின் முகத்தைப் படித்துவிட்டான். பாடைக்கும் அவளுக்கும் நடுவில் வந்து நின்றான்.

"பதினோரு வருஷம் அம்மாவை நீ வச்சிருந்த. குளிப்பாட்டின, ஊட்டின, எல்லாம் நீதான். எனக்கு இது ஒண்ணுதான்க்கா இருக்கு. இதையாவது நான் செஞ்சேன்னு இருக்கட்டும்."

அவன் சொன்னதில் பொய் இல்லை. இத்தாலியில் மாட்டுப்பண்ணையில் சாணி அள்ளிக்கொண்டு, போன மாதம்வரை அங்கே தங்குவதற்கான காகிதம் கிடைக்காமல் ஊருக்கும் வர முடியாமல், அம்மாவை போனில் மட்டுமே பார்த்தவன். அவனுக்கு விட்டுக்கொடுத்தால்தான் என்ன என்று ஒரு கணம் தோன்றத்தான் செய்தது.

அப்போது பச்சன் கௌர் எழுந்து வந்தாள். சீத்தலின் பக்கத்தில் நின்று, மற்றவர்களுக்குக் கேட்காதபடி, "அது அங்கயே இருக்கட்டும் சீத்தல். நான் பாக்கல" என்றாள். சொன்னபடியே போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

நாலு வார்த்தை திட்டியிருந்தால் சீத்தல் தாங்கியிருப்பாள். இதைத் தாங்க முடியவில்லை. நேராக அடிபம்புக்குப் போனாள். தயிர்ப் பிசுக்குப் போகும்வரை சோப்புப் போட்டுக் கைகளைக் கழுவினாள். செருப்பை உதறினாள். உள்ளே போய்த் துவைத்த துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு, ஒரு புதுத் துணியோடு வந்தாள்.

"நகரு, ஹர்தேவ்."

அவன் நகரவில்லை. அவள் குனிந்து போர்வையை விலக்கியபோது மணிக்கட்டைப் பிடித்தான்.

"அவ கேட்டது தப்புடா" என்றாள் சீத்தல். "அன்னிக்கே சொல்லியிருக்கணும். சொல்லாதது என் தப்பு. ரெண்டு தப்பையும் சேர்த்து எரிக்க முடியாது."

பிடி தளர்ந்தது. விறைத்த விரல்களுக்கு நடுவிலிருந்து ஒரு தாளும் கிழியாமல் புத்தகத்தை எடுக்க நேரம் பிடித்தது. "மன்னிச்சிடு பீஜி" என்று வாய்விட்டே சொன்னாள். துணியில் சுற்றினாள்.

"அப்ப அதைத் தூக்கிட்டு நீ எங்களோட வராத" என்றான் ஹர்தேவ். முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

வீட்டுக்குள் வைத்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் அவன் ஓடி வந்து எடுத்துப் போய்விடுவான். அவன் வராவிட்டாலும் சுடுகாட்டில் அம்மாவின் முகத்தைக் கடைசியாகத் திறக்கும்போது தானே ஓடி வந்து எடுத்துப் போய்விடக்கூடும் என்று சீத்தலுக்குத் தெரியும். அவள் தன்னையும் நம்பவில்லை. அம்மாவின் நெற்றியில் ஒரு தரம் உதட்டைப் பதித்தாள். பிறகு புத்தகத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டு, இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

பின்னால் பாடையைத் தூக்கினார்கள். வாஹேகுரு, வாஹேகுரு என்ற குரல்கள் கால்வாய்ப் பக்கம் போயின. குருத்வாராவுக்குப் போகும் அவளுடைய வழி வலப்பக்கம். தலையில் இருப்பது சாய்ந்துவிடும் என்று திரும்பிப் பார்க்கவில்லை. வைசாக மாத வெயிலில் தார் ரோடு காலைச் சுட்டது. கண்ணீர் அதன் பாட்டுக்கு வழிந்தது. துடைக்கக் கை இல்லை.

பால் சொசைட்டியைத் தாண்டும்போது பக்கத்தில் மூச்சிரைக்க யாரோ அவளைக் கடந்து முன்னே போனார்கள். பச்சன் கௌர். அவளும் வெறுங்காலோடு இருந்தாள். கையில் ஒரு பித்தளைச் சொம்பு. குருவின் நூல் போகும் வழியில் செய்வதுபோலத் தண்ணீரைக் கையில் எடுத்துத் தரையில் தெளித்துக்கொண்டே போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. நனைந்த இடங்களில் கால் வைத்துச் சீத்தல் நடந்தாள். சொம்பு காலியானதும் பச்சன் கௌர் தெருக்குழாயடியில் நின்று நிரப்பிக்கொண்டு மறுபடி முன்னால் போனாள்.