பெயர் சொல்லாத ஏழு மணித்தியாலம்

1

ஏழு மணித்தியாலமும் இருபது நிமிடமும் ஒருத்தி துறைமுக வாசலில் நின்றாள். எனக்குக் கிடைத்த கதை ஏறக்குறைய இவ்வளவுதான். வாசலுக்கு எதிரே தேத்தண்ணிக்கடை வைத்திருந்த வள்ளிநாயகி அக்கா சொன்னது. நடந்தது அறுபத்தேழாம் ஆண்டு. நான் விலங்கியல் படித்தவள், கதை எழுதிப் பழக்கமில்லை. இப்படித் தொடங்கினேன்:

கடல் அன்று அவளுடைய மனத்தைப் போலவே

(இல்லை. கடல் கடலாகத்தான் இருந்தது. மீண்டும்.)

2

அவள் பெயர் கோணேஸ்வரி. சல்லி என்ற ஊரிலிருந்து காலைப் பஸ்ஸில் வந்திருந்தாள். கணவருக்குச் சரக்குக் கப்பலில் வேலை. அவரைக் கண்டு ஐந்து மாதம். கப்பல் விடிய வந்து பொழுதுபடப் புறப்படுகிறது என்று ஊரில் யாரோ சொன்னார்கள். வாசலில் ஆளின் பெயரைச் சொன்னால் வள்ளத்தில் தகவல் போகும், ஆள் கரைக்கு வரலாம்.

பெயரைத்தான் அவள் சொல்லவில்லை.

"வெட்கமா புள்ள?" என்றார் காவலாளி முஹம்மது தம்பி. "என்ர பொண்டாட்டியும் என்னை 'இஞ்சாருங்க' எண்டுதான் கூப்பிடுவா. எனக்கே என்ர பேர் மறந்து போகுது. இந்தாங்க பென்சில், எழுதித் தாங்க."

"ஏலாது நானா," என்றாள். முஸ்லிம் அண்ணன்மாரை அங்கே 'நானா' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"எழுதத் தெரியாதா?"

"தெரியும்."

"அப்ப நான் ஒவ்வொரு பேராச் சொல்றன். சரியான பேருக்குத் தலையை ஆட்டுங்க."

அவள் காதைப் பொத்திக்கொண்டாள்.

(புருஷன் பெயரைச் சொல்லாதது எங்கள் பக்கத்து வழக்கம். எழுதவும் கேட்கவும் ஏலாமற்போவது வழக்கமில்லை. நோய் வழக்கத்துக்குள் ஒளிந்திருந்தபடியால் ஒருவருக்கும் தெரியவில்லை. அடக்கமான பிள்ளை என்றார்கள்.)

3

கலியாணமான முதல் வருடம் அவர் இறங்குதுறையில் வேலை செய்தார். ஒருநாள் சாப்பாட்டை மறந்து போக, இவள் பின்னால் ஓடிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அவர் திரும்பிப் பார்த்தார். பாரந்தூக்கிச் சங்கிலியிலிருந்து சரக்குப் பெட்டி நழுவி அவர் காலில் விழுந்தது.

"புருசன்ர பேரைக் கூப்பிட்டா இப்பிடித்தான்," என்றார் மாமி, அவருடைய தாய்.

கூப்பிட்டதால் அவர் திரும்பினார். அது உண்மை. மனம் அந்த ஒரு உண்மையை எடுத்து எல்லா நாளுக்கும் சட்டமாக்கிவிட்டது. கலியாணத்துக்கு முன் தோழிகளோடு எத்தனை தடவை அந்தப் பெயரைச் சொல்லிக் கதைத்திருப்பாள்! ஒன்றும் நடக்கவில்லை. நடக்காதவற்றை மனம் எண்ணுவதில்லை.

பிறகு பெயரை நினைப்பதே ஆபத்தாயிற்று. மனத்துக்குக் காவல் போட்டாள். ஆனால் யாரை உள்ளே விடக்கூடாது என்பதை ஒரு காவல் எப்போதும் நினைவில் வைத்திருக்க வேண்டுமல்லவா? அரிசி களையும்போதும் அந்தப் பெயர். சீப்பால் தலை இழுக்கும்போதும் அந்தப் பெயர். உடனே மூன்று தடவை "அம்மாளாச்சி" என்று அம்மனைக் கூப்பிட்டு அதை அழிப்பாள். ஐந்து மாதமாக அவரை ஆசைதீர நினைத்துப் பார்க்கக்கூட அவளால் முடியவில்லை. முகம் வரும், கூடவே பெயர் வரும், முகத்தையும் சேர்த்துத் துரத்துவாள்.

4

நானும் இதுவரை அந்தப் பெயரை எழுதவில்லை.

எழுதப் போனேன், பேனை நின்றுவிட்டது. இது கதை. கதைக்குள் அவளுடைய பயம் நியாயமானது. இவ்வளவு நேரம் மூடிவைத்த பெயரைச் சொன்னால் ஏதாவது நடந்தே ஆகவேண்டும் என்று நீங்களும் காத்திருக்கிறீர்கள். கோணேஸ்வரி தன் நாட்களையே ஒரு கதையாக வாசித்தாள், அதுதான் அவளுடைய நோய் என்று

(விட்டுவிடுகிறேன். எனக்கு அவ்வளவு தெரியாது.)

முடிவு ஒன்று: சொல்கிறாள், அவர் வள்ளத்தில் சிரித்துக்கொண்டு வருகிறார். முடிவு இரண்டு: சொல்கிறாள், வள்ளம் கவிழ்கிறது. இரண்டையும் வெட்டிவிட்டேன். ஒரு தடவை நடந்ததை வைத்துச் சட்டம் போட்டது மாமி. நானும் அதைச் செய்ய வேண்டாம். அவர் வந்தாரா என்பது வள்ளிநாயகி அக்காவுக்குத் தெரியும். நீங்கள் விரும்பியதை எழுதிக்கொள்ளுங்கள்.

5

கப்பல் சங்கு ஊதியது.

"இதுதான் கடைசி வள்ளம், புள்ள."

"நான் சொன்னா அவருக்கு ஏதும் நடந்திடும் நானா."

"சொல்லாட்டி?"

"போயிடுவார்."

முஹம்மது தம்பி வள்ளக்காரனைக் கையால் மறித்து வைத்தார்.

அவளுக்குப் பயம் போகவில்லை. அது போகும்வரை நின்றால் கப்பல் போய்விடும். வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அம்மாளாச்சியைக் கூப்பிடவில்லை.

"அருளம்பலம்," என்றாள். "சல்லி அருளம்பலம். அவற்ற மனிசி வந்து நிக்கிறாள், பாக்க வேணுமாம் எண்டு சொல்லுங்கோ."