வாங்காத கோதுமை

நோன்பு இருபத்தெட்டு. பிற்பகல் தொழுகை முடிந்திருந்தது. லல்லா பத்தூல் மூச்சு வாங்கிக்கொண்டு மாடிப்படி ஏறி வந்தார். பின்னால் எதிர்வீட்டு நெஸ்ஹா, தலையில் ஒரு மூட்டையுடன்.

இஜ்ஜா கதவைத் திறந்தாள். கட்டடம் லல்லா பத்தூலுடையது. கீழே ஒரு கடை, மேலே இரண்டு அறைகள். பன்னிரண்டு வருடமாக இரண்டுக்கும் சேர்த்து மாதம் இரண்டாயிரத்து ஐந்நூறு திர்ஹம் வாடகை கொடுத்து, அந்தக் கடையில் இஜ்ஜாவின் கணவன் பிஹி மளிகை விற்கிறான்.

"இந்தா மகளே. எங்க வீட்டு அஞ்சு பேரோட ஃபித்ரா. பெருநாளைக்குப் பிள்ளைங்களுக்கு வயிறாரப் பண்ணிப் போடு" என்றார் லல்லா பத்தூல்.

நெஸ்ஹா மூட்டையை இறக்கி வைத்தாள். நோன்பு முடிவதற்குள் வசதி உள்ள வீடு தலைக்கு இவ்வளவு என்று ஏழைகளுக்குக் கொடுத்துவிட வேண்டிய தானியம் அது. கோதுமை. கயிற்று முடிச்சைப் பார்த்ததும் இஜ்ஜாவுக்குத் தெரிந்துவிட்டது. அது பிஹி போட்ட முடிச்சு. தன் வீட்டுக்குத்தான் வரப்போகிறது என்று தெரியாமல் அவனே எடை போட்டுக் கட்டிக் கொடுத்திருக்கிறான்.

"என்னடி முழிக்கிற? சூஸிக்காரன் வீட்டுல இனாமா வந்ததை யாராவது யோசிப்பாங்களா?" என்றாள் நெஸ்ஹா. "உங்க வீட்டு ஈகூட வருஷம் பூரா நோன்பு வைக்கும்னு எங்க வீட்டுக்காரர் சொல்லுவார்."

சூஸ் மலையிலிருந்து காசாபிளாங்காவுக்கு வந்து கடை போட்டவர்களுக்கு இந்தக் கேலி பழகிப்போனது. இஜ்ஜாவின் நினைப்பு வேறு இடத்தில் இருந்தது.

லல்லா பத்தூல் கட்டடத்தை விற்கப்போகிறார். அங்கே காஃபிக்கடை வைக்க ஒருவன் மூன்று லட்சம் திர்ஹம் தருவதாகச் சொல்லியிருந்தான். அவன் வந்தால் இவர்கள் மூட்டை கட்ட வேண்டியதுதான். ஆனால் லல்லா பத்தூல் பிஹியைக் கூப்பிட்டு, "பாவம், குழந்தைகுட்டிக்காரன். உனக்குன்னா ரெண்டரை. பெருநாள் கழிச்சுப் பத்து நாள் தர்றேன். எங்கேயாவது புரட்ட முடியுதா பாரு" என்றிருந்தார்.

பிஹி புரட்ட வேண்டியதே இல்லை. இரண்டரை லட்சம் தபால் நிலையப் புத்தகத்தில் இருந்தது. அதற்கு மேல் இல்லை.

"நம்ம கையில இருக்குன்னு பெருநாள் வரைக்கும் காத்துக்குக்கூடத் தெரியக் கூடாது" என்று அவன் இஜ்ஜாவிடம் சொல்லி வைத்திருந்தான். "நம்ம ஏழைன்னு நினைச்சுத்தான் அந்த விலை. பணம் இருக்குன்னு தெரிஞ்சா மூணு ஆயிடும்."

ஏழை என்று நினைப்பதற்கு அந்த வீட்டில் குறையே கிடையாது. படுக்கை விரிப்பு, வெளுத்துத் தைத்த மாவுச் சாக்கு. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாள் முதல் இஜ்ஜா நல்ல முட்டை சமைத்ததில்லை. கடையில் விரிசல் விட்டவை மேலே வரும். எந்தப் பொருளை வாங்க ஆசை வந்தாலும் நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை போக வேண்டும். அதற்குப் பிறகும் ஆசை இருந்தால் வாங்கலாம். பாதி ஆசைகள் வெள்ளிக்கிழமையைத் தாண்டுவதில்லை. பிள்ளைகளின் பாடப் புத்தகத்துக்கும் வைத்தியருக்கும் மட்டும் வெள்ளிக்கிழமை பார்ப்பதில்லை. கடைத் தராசு என்றும் வாங்குகிறவர் பக்கம்தான் கொஞ்சம் தாழும்.

வாங்கிக்கொள்ளலாம், என்று இஜ்ஜா நினைத்தாள். இருட்டியதும் கொண்டுபோய் உண்மையான ஏழை ஒருத்தியிடம் கொடுத்துவிடலாம். கோதுமை போக வேண்டிய இடத்துக்குப் போய்விடும். ஐம்பதாயிரமும் மிஞ்சும்.

ஆனால் கை நீட்டினால், ஆமாம் நான் இல்லாதவள் என்று சொன்னதாகும். லல்லா பத்தூல் ஒரு மாதம் பட்டினி கிடந்தது இந்த மூட்டையில் வந்து முடிகிறது. அது பொய்யில் முடியலாமா?

"லல்லா, இது எங்களுக்குச் சேராது."

"கூச்சப்படாதே மகளே. ரம்ஜான்ல யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்க மாட்டாங்க."

"கூச்சம் இல்ல லல்லா. நாங்க வாங்கக் கூடாது. எங்க அஞ்சு பேரோடதையும் நேத்தே குடுத்தாச்சு."

நெஸ்ஹா வாயைப் பொத்திக்கொண்டாள். "குடுத்தீங்களா? நீங்களா?"

லல்லா பத்தூல் சிரிக்கவில்லை. சாக்கு விரிப்பைப் பார்த்தார். அடுப்படியில் விரிசல் முட்டைகள் இருந்த கிண்ணத்தைப் பார்த்தார். "உங்க கையில எவ்வளவு இருக்கு?"

"நீங்க சொன்ன விலை இருக்கு."

"முழுசாவா?"

"முழுசா."

"யாரு குடுத்தா?"

"யாரும் குடுக்கல. செலவு பண்ணல, அவ்வளவுதான்."

லல்லா பத்தூலின் முகம் சிவந்தது. அவருடைய கணவர் விட்டுப் போனவை மூன்று கட்டடங்கள். இரண்டு, இரண்டு மகள்களின் கல்யாணத்தில் போயின. ஒவ்வொன்றும் ஏழு நாள் கல்யாணம். "நான் உங்களுக்காக ராத்திரி தூங்காம பரிதாபப்பட்டேன்" என்றார். "மூணு லட்சம். ஒரு திர்ஹம் குறையாது. நெஸ்ஹா, மூட்டையைத் தூக்கு."

நோன்பு திறந்த பிறகுதான் இஜ்ஜா பிஹியிடம் சொன்னாள். அவன் பேரீச்சம்பழக் கொட்டையை வாயில் உருட்டிக்கொண்டே கேட்டான்.

"அந்த மூட்டையில ஒரு கை கூடவே அள்ளிப் போட்டேன்" என்றான். "ஃபித்ராவாச்சேன்னு."

"திட்டறதுன்னா திட்டிடுங்க."

"எதுக்கு? வாங்கியிருந்தாத்தான் திட்டியிருப்பேன்." சூப்பைக் குடித்தான். கிண்ணத்தைக் கீழே வைத்தான். "வேற தெருவுல கடை பார்க்கணும். அவ்வளவுதான்."

மறுநாள் காலை, கடை திறந்து சற்று நேரத்தில் லல்லா பத்தூல் வந்தார். இஜ்ஜா உள்ளே பயறு புடைத்துக்கொண்டிருந்தாள். அவர் எதுவும் வாங்கவில்லை.

"விலை மூணுதான்" என்றார். "ரெண்டரையை இப்போ குடுங்க. மிச்சத்தை ரெண்டு வருஷத்துல குடுங்க."

பிஹி நிமிர்ந்தான். "காஃபிக்கடைக்காரர் மொத்தமாவே தர்றாரே லல்லா."

"தர்றேன்னான். நேத்து ராத்திரி ஆள் விட்டுக் கேட்டேன். பாதி இப்போ, பாதி கடை ஓட ஆரம்பிச்சப்புறம்னு இழுக்கிறான். புதுக் கார் வாங்கியிருக்கான், பெருநாளைக்கு." பெருமூச்சு விட்டார். "ரெண்டு வருஷம் கழிச்சு அவன் எப்படி இருப்பான்னு அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். நீங்க எப்படி இருப்பீங்கன்னு எனக்கே தெரியும். உங்க அடுப்படியைப் பார்த்துட்டேனே."

பிஹி தாடையைச் சொறிந்தான். "ரெண்டு தொண்ணூறுன்னு வச்சுக்கலாமே லல்லா."

"அடப்பாவி! விட்டா மாடிப்படிக்குத் தனியா தள்ளுபடி கேப்பே போலிருக்கே."

"மூணே இருக்கட்டும் லல்லா" என்றாள் இஜ்ஜா உள்ளிருந்து. "ஆனா ரெண்டு வருஷம் வேண்டாம். இருபது மாசம் போதும்."

பிஹி சட்டென்று திரும்பிப் பார்த்தான். தங்கள் மலைப் பேச்சில், மெதுவாகக் கேட்டான்: "எப்படி?"

"அந்த வாடகை இனிமே இல்லையே" என்றாள் அவள். முறத்தைத் தட்டினாள்.